டிஷ்வாஷரில் உயிரே இல்லை: அறிகுறியை வைத்து மின் பழுதைத் தேடும் முறை

‘போர்டு போயிடுச்சு, மாத்திடலாம்.’ விளக்கே எரியாத டிஷ்வாஷரைப் பார்த்ததும் அடிக்கடி வரும் தீர்ப்பு இது. சில வேளைகளில் சரியாகவும் இருக்கும். ஆனால் சுவரிலிருந்து போர்டு (மெஷினை இயக்கும் சர்க்யூட் அட்டை) வரை கரண்ட் வந்து சேர வேண்டிய வழி நீளமானது: பாயிண்ட், பிளக், மெயின் கேபிள், டெர்மினல், ஃபில்டர் (மின் இரைச்சலை வடிகட்டும் டப்பா), ஆன்–ஆஃப் சுவிட்ச், கதவு வழியாக ஏறும் ஒயர், கதவு லாட்ச். இதில் எது அறுந்தாலும் வெளியே தெரியும் காட்சி ஒன்றுதான். போர்டு அந்த வரிசையில் கடைசி. தேடலையும் அதே வரிசையில், சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே சொல்லியிருப்பது இந்திய வீடுகளில் ஓடும் 230 வோல்ட், 12 முதல் 14 பேர் பாத்திர செட் பிடிக்கும் மெஷின்களுக்கு. வாரண்டி இருந்தால் வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு திருகைக் கழற்றியிருந்தாலும் பிறகு அதைப் பற்றித்தான் பேச்சு வரும்.

கை வைப்பதற்கு முன்

தேவைப்படுபவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திரத் தலை) டி15, டி20 முனைகள், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், தடித்த கையுறை (மெஷினின் தகரம் பிளேடு போல வெட்டும்), மொபைல் கேமரா. இவற்றோடு ஒரு சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் ஒயரில் தொடராகக் கோத்து, மறுமுனையில் பாயிண்ட் வைத்தால் சீரிஸ் பல்பு தயார். மெஷினில் ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து கரண்டைக் கட்டுப்படுத்தும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

டெஸ்டரை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் டெஸ்டர் சொல்லும். நியூட்ரல் அறுந்திருந்தாலும் அது பளிச்சென்று எரியும், மெஷின் மட்டும் ஓடாது.

பாயிண்டின் சுவிட்சை அணைப்பதும் போதாது. அது ஒரே ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும், அந்த ஒயர் ஃபேஸ்தான் என்பதற்கு வயரிங் செய்தவர்தான் பொறுப்பு. பிளக்கையே பிடுங்கி, கண்ணில் படும்படி வையுங்கள். உள்ளே போர்டில் இருக்கும் 400 வோல்ட் கப்பாசிட்டரில் அதற்குப் பிறகும் 325 வோல்ட் டி.சி. வரை தங்கலாம். ஓடுகிற போர்டில் அது தானாக வடிந்துவிடும். சப்ளை ஐ.சி. (போர்டுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டை உண்டாக்கும் சில்லு) செத்த போர்டில் அதைக் குடிக்க ஆள் இல்லாததால் அப்படியே நிற்கும். ஐந்து நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், நன்றாக இன்சுலேஷன் செய்த 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு கால்களுக்கும் குறுக்கே ஓரிரு விநாடி வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ‘பட்’டென்று ஷார்ட் செய்தால் போர்டின் தடமும் சேர்ந்து பறக்கும்.

இன்னொன்று: இவ்வகை போர்டுகள் பலவற்றில் சப்ளையைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ‘5 வோல்ட் லைன்தானே’ என்று தொட்டுவிடக் கூடாது. அந்த 5 வோல்ட்டின் கிரவுண்டே மெயின் லைனோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அறிகுறி 1: ஒரு விளக்கும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை

முதல் சோதனை பாயிண்டுக்கு. மீட்டரை ஏ.சி. 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில் இருக்கிறதா, 10 ஆம்ப் துளையில் இருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பாருங்கள். ஆம்ப் துளையில் வைத்துக்கொண்டு மெயினைத் தொட்டால் அது நேரடி ஷார்ட். எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால் வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். வலது–இடது 230 வோல்ட் அளவில், வலது–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, இடது–எர்த் ஓரிரு வோல்ட் வந்தால் எல்லாம் சரி. வலது–எர்த் 230 காட்டி வலது–இடது காட்டவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. வலது–எர்த் ஏதோ 60, 90 என்று தத்தளித்தால் எர்த் ஒயர் எங்கும் சேராமல் தொங்குகிறது.

மீட்டரில் 230 வந்துவிட்டது என்பதற்காகப் பாயிண்டை விடுதலை செய்துவிடாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. நூல் அளவு தொடர்பு இருந்தாலும் 230 காட்டும். மொபைல் சார்ஜர் ஓடுகிறது என்பதும் சாட்சியாகாது. அதே பாயிண்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையோ கெட்டிலையோ மாட்டி இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். சாதாரணமாகச் சூடானால் பாயிண்ட் நல்லது. பாயிண்ட் முகப்பு சுட்டாலோ, ‘கிர்’ரென்று சத்தம் வந்தாலோ, இஸ்திரிப் பெட்டியின் விளக்கு மங்கினாலோ பழுது சுவருக்குள்ளே.

பிளக்கின் கால்களைப் பாருங்கள். பளபளப்பு போய்ப் பழுப்பேறியிருந்தால், கால் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தால், தொடர்பு தளர்ந்து சூடு பிடித்திருக்கிறது. சில மெஷின்களில் ஐரோப்பிய உருண்டைப் பிளக் வரும். அதன் கால் தடிமன் 4.8 மில்லிமீட்டர், நம் 6 ஆம்ப் பாயிண்டின் கால் தடிமனோ 5.1 மில்லிமீட்டர் அளவு. உள்ளே போய்விடும், ஆனால் ஆடும். போதாததற்கு அந்தப் பிளக்கின் எர்த் பக்கவாட்டில் இருக்கும் தகடு. நம் பாயிண்டிலோ மலிவு கன்வர்ட்டரிலோ அது எதையும் தொடாது. 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் பாயிண்டிலோ மல்டிபிளக்கிலோ மாட்டுவது தினமும் அதைச் சுட்டெடுப்பதற்குச் சமம். நல்ல 16 ஆம்ப் பிளக் டாப்பை நேரடியாகப் போடுவதே சரி.

இப்போது பிளக்கை வெளியே வைத்து, மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து அதன் கால்களில் அளந்து பாருங்கள். மெஷினைத் திறக்காமலே நிறைய விஷயம் இங்கே கிடைக்கும். எர்த் காலுக்கும் உள்ளே இருக்கும் ஸ்டீல் தொட்டிக்கும் இடையே 1 ஓமுக்குள் வர வேண்டும். ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் இரண்டும் முழுத் திறப்பு, அதாவது மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. ஃபேஸ்–நியூட்ரல் இடையே வருவது மெஷினைப் பொறுத்தது. மெக்கானிக்கல் சுவிட்ச் உள்ளதில் ஆஃப் நிலையில் திறப்பு, ஆன் செய்தால் சில லட்சம் ஓம் (கப்பாசிட்டரை வடிக்கும் ரெசிஸ்டரின் அளவு). டச் பொத்தான் மெஷின்களில் போர்டு எப்போதும் லைனில் இருப்பதால் அந்த லட்சங்கள் எப்போதும் தெரியும். ஒற்றை இலக்க ஓம் வந்தால் எங்கோ ஷார்ட். 25 முதல் 30 ஓம் வந்தால் அது ஹீட்டரின் அளவு. ஹீட்டரைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிப்போயிருக்கலாம். ஆன் செய்தும் முழுத் திறப்பாகவே இருந்தால், வழி நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தைத் தேட இனி உள்ளே போக வேண்டும்.

தண்ணீர்க் குழாயை மூடி, மெஷினை மெல்ல வெளியே இழுங்கள். எடை 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். தரை டைல்ஸைக் கீறாமலிருக்கப் பழைய கோணி ஒன்றை அடியில் விடுங்கள். கீழ்ப் பலகையை எடுத்தால் மெயின் கேபிள் சேரும் டெர்மினல் தெரியும். பிளக்கின் ஃபேஸ் காலிலிருந்து இங்கே வரை கண்டினியூட்டி பீப் (வழி அறுபடாமல் இருந்தால் மீட்டர் தரும் ஒலி) வருகிறதா? நியூட்ரலுக்கும் வருகிறதா? மீட்டர் முனைகளை வைத்தபடியே கேபிளை நீளம் முழுக்க வளைத்து ஆட்டிப் பாருங்கள். பிளக் கழுத்தும், மெஷினுக்குள் நுழையும் இடமும்தான் உள்ளே அறுகும் இடங்கள். எலி உள்ள வீடு என்றால் கேபிளின் பின்பக்கத்தையும் தடவிப் பாருங்கள்.

அடுத்தது ஃபில்டர். சிறிய டப்பா போல, இரண்டு ஒயர் உள்ளே, இரண்டு ஒயர் வெளியே, ஒரு எர்த் தகடு. உள்ளே போகும் ஃபேஸிலிருந்து வெளியே வரும் ஃபேஸுக்கு 1 ஓமுக்குள் இருக்க வேண்டும், நியூட்ரலும் அப்படியே. உள்ளிருக்கும் கப்பாசிட்டர் வெடித்திருந்தால் மூடி உப்பியிருக்கும், எரிந்த மீன் போல ஒரு நாற்றம் வரும். ஃபில்டரை நீக்கிவிட்டு ஒயரை நேரடியாக முறுக்கி ஓட்டும் வித்தை பலருக்குத் தெரியும். மெஷின் ஓடும்தான். ஆனால் பம்ப் கிளப்பும் மின் இரைச்சல் முழுவதும் போர்டின் மேல் விழும். சோதனைக்கு ஐந்து நிமிடம் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

ஆன்–ஆஃப் சுவிட்சையும் இதே வழியில் அளக்கலாம்: அழுத்தினால் பீப், மீண்டும் அழுத்தினால் திறப்பு. பத்து முறை அழுத்தி ஒரு முறை தவறினாலும் அதை மாற்றுங்கள்.

அறிகுறி 2: கதவின் நிலையைப் பொறுத்து உயிர் வருகிறது, போகிறது

பல மெஷின்களில் போர்டு கதவுக்குள் இருக்கும். அப்படியானால் அடியிலிருந்து வரும் ஒயர்க் கட்டு கீல் அருகே மடங்கித்தான் மேலே ஏற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை கதவைத் திறந்தாலும் ஆண்டுக்கு 1,460 மடிப்பு. செம்பு நார் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் உறை மட்டும் மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் முழுசாகத்தான் இருக்கும்.

அறிகுறி தெளிவானது: கதவைப் பாதி திறந்து வைத்தால் விளக்கு வரும், முழுக்க மூடினால் போகும். அல்லது இதற்கு நேரெதிர். சோதிக்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவின் உட்புற விளிம்பில் இருக்கும் டி20 திருகுகளைக் கழற்றி வெளித்தகட்டை எடுங்கள். கடைசித் திருகைக் கழற்றும்போது தகட்டைக் காலால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விரல் மேல் விழும். கட்டின் மேல்முனை ஒன்றிலும் கீழ்முனை ஒன்றிலும் முதலைக் கிளிப் மாட்டி, பீப் கேட்டுக்கொண்டே கதவை மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை மெதுவாக இறக்குங்கள். பீப் ஒரு கோணத்தில் விக்கினால் அந்த ஒயர்தான். ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை.

ஒட்டுப் போடும்போது மடிப்பு விழும் இடத்திலேயே ஜாயிண்ட் வைக்காதீர்கள். மடிப்புக்கு இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, நடுவில் அதே தடிமனில், நார் அதிகமுள்ள மெல்லிய சிலிக்கான் ஒயரைக் கொடுத்து, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். சால்டர் செய்த இடம் விறைப்பாகிவிடும், அதை மடிப்பில் வைத்தால் சில மாதங்களில் அங்கேயே ஒடியும்.

அறிகுறி 3: விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை

இது பாதி உயிர். டிலே ஸ்டார்ட், சைல்டு லாக் இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். பல பாஷ் மெஷின்களில் ரீசெட் பொத்தான்களை 3 விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய புரோகிராம் அழிந்து, ஒரு நிமிடம் போலத் தண்ணீர் வெளியேறி, புதிதாகத் தொடங்கும்.

அது இல்லையென்றால் கதவு லாட்ச். லாட்சுக்குள் ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. கதவு பூட்டிய ‘கிளிக்’ கேட்பதும் அந்தச் சுவிட்ச் அழுந்துவதும் இரண்டு வேறு சம்பவங்கள். மெஷின் சமமாக நிற்கவில்லை என்றாலோ, கிரானைட் மேடைக்கு அடியில் திருகிய திருகு தளர்ந்து மெஷின் முன்னுக்குச் சாய்ந்தாலோ கதவு அரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். கொக்கி மாட்டும், சுவிட்ச் அழுந்தாது. ஸ்டார்ட் கொடுத்துவிட்டு முழங்காலால் கதவை அழுத்திப் பாருங்கள். ஓடினால் நோய் தெரிந்துவிட்டது. முதலில் ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள், பிறகு லாட்சை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். சுவிட்சை அளந்தால் அழுத்திய நிலையில் 1 ஓமுக்குள் வர வேண்டும். 20, 50 ஓம் என்று ஊசலாடினால் சோப்பு ஆவி உள்ளே புகுந்து முனை அரித்துவிட்டது.

சோதனைக்காகக்கூட லாட்ச் சுவிட்சை ஒயரால் நிரந்தரமாகச் சேர்த்துவிடாதீர்கள். 65, 70 டிகிரித் தண்ணீர் ஓடும்போது குழந்தை கதவைத் திறந்தாலும் மெஷின் நிற்காது.

மூன்றாவது வாய்ப்பு, அடித்தட்டில் தண்ணீர். மெஷினின் அடியில் ஒரு தட்டு, அதில் தெர்மாக்கோல் மிதவை, அதன் மேல் ஒரு மைக்ரோ சுவிட்ச். கசிவுத் தண்ணீர் ஓரிரு சென்டிமீட்டர் தேங்கினால் மிதவை எழும்பி எல்லா வேலையையும் நிறுத்திவிடும். பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் இதற்கு ஈ15 என்று காட்டும். திரை இல்லாத மெஷினில் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பம்ப் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ‘மெஷின் செத்துவிட்டது, ஆனால் ஏதோ உறுமுகிறது’ என்று சொல்வார்கள். பிளக்கைப் பிடுங்கி, கீழ்ப் பலகையை எடுத்து, ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுங்கள். மெஷினைப் பின்பக்கம் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினால் உயிர் வரும். ஆனால் கசிவு எங்கே என்று பார்க்காவிட்டால் நாலு நாளில் பழைய கதைதான்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டிஷ்வாஷர் மாத்திரை தீர்ந்த அன்று, கையால் தேய்க்கும் பாத்திர லிக்விடை இரண்டு ஸ்பூன் ஊற்றுவது. நுரை கிளம்பிக் கதவு விளிம்பு வழியாக அடித்தட்டுக்கு இறங்கும். கசிவு தேடுவதற்கு முன், வீட்டில் யாராவது ஊற்றினார்களா என்று விசாரியுங்கள். கசிந்தது உப்புப் பெட்டியின் தண்ணீர் என்றால் வேறு விதம்: கீழே இருக்கும் கனெக்டர்கள் பச்சை பூத்திருக்கும். அவற்றைச் சுரண்டாதீர்கள். நல்ல தண்ணீரால் துடைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டு, உலர்த்தி, பிடிப்பில்லாத முனைகளை மாற்றுங்கள்.

அறிகுறி 4: கரண்ட் போய் வந்தது, அதோடு மெஷினும் போனது

அன்றைக்கு வீட்டில் வேறு எதுவும் போனதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செட் டாப் பாக்ஸ், இரண்டு எல்.இ.டி. பல்பு, வைஃபை அடாப்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போயிருந்தால் தெருக் கம்பத்திலோ உங்கள் மெயின் போர்டிலோ நியூட்ரல் கழன்றிருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 400 வரை ஏறலாம். அதைச் சரி செய்யாமல் போர்டைச் சரி செய்வது வீண்.

போர்டைக் கழற்றும் முன் எல்லாக் கனெக்டரும் தெரியும்படி நான்கு படம் எடுங்கள். பிறகு மெயின் உள்ளே நுழையும் மூலையைப் பாருங்கள். வழக்கமாக வரிசை இதுதான்: ஃப்யூஸ், நீலம் அல்லது மஞ்சள் நிற வட்டு போன்ற எம்.ஓ.வி. (வோல்டேஜ் எகிறினால் அதைத் தன்மேல் வாங்கிக்கொள்வது), ஃப்யூஸ் ரெசிஸ்டர், டயோடுகள், 400 வோல்ட் கப்பாசிட்டர், சப்ளை ஐ.சி., அதன் பின் 12 வோல்ட், 5 வோல்ட்.

ஃப்யூஸ் கண்ணாடி கறுத்திருக்கிறதா, தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருக்கிறதா? கறுத்திருந்தால் பின்னால் பலமான ஷார்ட் இருக்கிறது, புது ஃப்யூஸ் போட்டாலும் அந்த நொடியே போகும். எம்.ஓ.வி.யைப் பாருங்கள். வெடித்துப் பிளந்திருந்தால் சந்தேகமே இல்லை. முழுசாக இருந்தாலும் ஒரு காலைக் கழற்றி அளங்கள். நல்ல எம்.ஓ.வி. திறப்பு காட்டும், செத்தது சில ஓம். மேல் எழுத்தில் 471 என்று இருந்தால் 470 வோல்ட் வகை, 300 வோல்ட் ஏ.சி. வரை தாங்கும், 431 என்றால் 275 வோல்ட். வோல்டேஜ் அடிக்கடி ஏறும் பகுதியில் 431 இருந்த இடத்தில் அதே விட்டத்தில் 471 போடுவது நியாயமான மாற்றம். எம்.ஓ.வி.யை எடுத்துவிட்டு அப்படியே ஓட்டுவது நியாயமில்லை. அடுத்த தடவை அந்த 400 வோல்ட்டும் ஐ.சி.க்கு நேராகப் போகும்.

ஃப்யூஸ் மேல் எழுதியிருக்கும் அளவையே போடுங்கள். ‘டி3.15ஏ’ என்றால் 3.15 ஆம்ப், மெதுவாக உருகும் வகை. ஒற்றைச் செம்பு நாரை வைத்துக் கட்டும் பழக்கம் கட்டைகளில் ஃப்யூஸ் கட்டிய காலத்தோடு போகட்டும். அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது போர்டின் தடம்.

ஃப்யூஸ் நல்லது, எம்.ஓ.வி. நல்லது, ஆனாலும் உயிரில்லை என்றால் ஃப்யூஸ் ரெசிஸ்டர். ஒன்றிரண்டு வாட் அளவுள்ள சாதாரண ரெசிஸ்டர் போலத் தெரியும், மதிப்பு பத்து முதல் சில பத்து ஓம். உள்ளே அறுந்திருந்தாலும் வெளியே ஒரு கறை தெரியாது. கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அளந்து திறப்பு வந்தால் மாற்றுங்கள். அதே மதிப்பில், அதே தீப்பிடிக்காத வகையில் வாங்க வேண்டும். ஆனால் அது தனியாகச் செத்திருக்காது. பின்னால் இருக்கும் ஐ.சி. ஷார்ட் ஆகி இழுத்ததால் போயிருக்கும். எல்.என்.கே.304, எல்.என்.கே.364 போன்ற எட்டுக்கால் அளவு சிறிய ஐ.சி.க்கள் இந்த வேலையைச் செய்பவை. அதன் ‘டிரெயின்’, ‘சோர்ஸ்’ எனப்படும் கால்களுக்கு இடையே சில ஓம் காட்டினால் ஐ.சி., ஃப்யூஸ் ரெசிஸ்டர் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இனி உயிரோடு அளக்கும் கட்டம். சால்டரிங் பழக்கமும் நிதானமும் இல்லாதவர்கள் இங்கே நிறுத்திக்கொண்டு போர்டைச் சரி செய்யும் கடைக்குக் கொடுங்கள். செய்பவர்களுக்கு: கரண்ட் இல்லாதபோதே மீட்டரின் முதலைக் கிளிப்புகளை 400 வோல்ட் கப்பாசிட்டரின் கால்களில் மாட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, சீரிஸ் பல்பு வழியாகச் சப்ளை கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது, முழுப் பிரகாசத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. கப்பாசிட்டரில் 320 வோல்ட் டி.சி. அளவில் வந்தால் அதுவரை வழி சரி. பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, கிளிப்பை 12 வோல்ட் இடத்துக்கு மாற்றி மீண்டும் கொடுங்கள். 12 வராமல் 3, 5, 3 என்று துடித்தால் வெளியீட்டுக் கப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது அல்லது 12 வோல்ட் லைனில் எதுவோ இழுக்கிறது. காய்ந்த கப்பாசிட்டருக்கு அதே மைக்ரோபாராட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை போடுங்கள். மின்னி மின்னி அணையும் விளக்கும், ரிலேயின் ‘டிக் டிக்’கும் இந்தக் கப்பாசிட்டரின் வேலையாக இருப்பதுண்டு.

புது போர்டு வாங்கப் போகிறீர்கள் என்றாலும் ஒரு வேலை மிச்சம். பழைய போர்டைக் கொன்றது வெளியே இருக்கும் லோடா என்று பார்க்காமல் புதியதை மாட்டக் கூடாது. கனெக்டரைக் கழற்றி, மெஷின் பக்கம் அளங்கள். ஹீட்டர் 22 முதல் 30 ஓம். டிரெயின் பம்ப் 100 முதல் 250 ஓமுக்குள். தண்ணீர் வால்வு 3 முதல் 4.5 கிலோ ஓம். வால்வு 200 ஓம் காட்டினால் சுருள் உள்ளே ஷார்ட், போர்டில் வால்வை இயக்கும் மின்னணுச் சுவிட்சான டிரையாக்கைச் சுட்டது அதுதான். புது போர்டின் டிரையாக்கையும் முதல் தண்ணீர் எடுப்பிலேயே சுடும்.

பூச்சி விஷயம். போர்டின் இளஞ்சூடு கரப்பான்பூச்சிக்கு வீடு. அதன் எச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் கரண்ட் கடத்தும். பல்லி ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே படுத்து இறந்துகிடப்பதும் உண்டு. அப்படிப் பொறி பறந்த இடத்தில் போர்டு கருகியிருந்தால் துடைத்தால் மட்டும் போதாது, கரியே கடத்தி. கறுப்பு முழுவதும் போய் போர்டின் சொந்த நிறம் தெரியும் வரை கத்தியால் சுரண்டி, ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, அந்த இடத்தில் வார்னிஷ் பூசுங்கள்.

அறிகுறி 5: போட்டதும் மெயின் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பாக்ஸில் ‘டப்’

விழுந்தது எம்.சி.பி.யா (கரண்ட் மிஞ்சினால் துண்டிப்பது), ஆர்.சி.சி.பி.யா (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிப்பது) என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது ஓவர்லோடு. சீரிஸ் பல்பில் போட்டால் பல்பு பளிச்சென்று நிற்கும். மெஷினுக்குள் கேபிள், ஃபில்டர், எம்.ஓ.வி. வரிசையில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ அதுதான்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. எப்போது விழுகிறது என்பதே பாதி விடை. ஸ்டார்ட் கொடுத்த சில விநாடியில் என்றால் டிரெயின் பம்ப், ஏனென்றால் பல மெஷின்கள் முதலில் செய்யும் வேலை பழைய தண்ணீரை வெளியேற்றுவது. தண்ணீர் எடுக்கும்போது என்றால் வால்வு. தண்ணீர் எடுத்து, சுற்றத் தொடங்கி, சூடாக்கும் கட்டத்தில் என்றால் ஹீட்டர். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவு ஹீட்டர் மேல் ஓடு கட்டி, உள்ளே சூடு ஏறி, உறை வெடித்து ஈரம் புகும்.

30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. 15 முதல் 30 மில்லி ஆம்புக்குள் விழலாம். கணக்குப் போட்டால் எர்த்துக்கு 15 கிலோ ஓம் அளவு கசிவே போதும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளப்பதால் அதில் எல்லாம் நன்றாகத் தெரியலாம். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மெக்கரில் வைத்தால்தான் உண்மை வெளிவரும். ஹீட்டருக்கும் எர்த்துக்கும் 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். மெக்கர் இல்லையென்றால் ஹீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றி, முனைகளை நன்றாக டேப் சுற்றி, மெஷினை மூடி ஓட்டுங்கள். சூடாக்கும் நேரம் கடந்தும் ஆர்.சி.சி.பி. நின்றால் குற்றவாளி ஹீட்டர். சிறிது நேரத்தில் சூடேறவில்லை என்று மெஷின் பிழை காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரு வினோதம்: பாயிண்ட் சுவிட்ச் ஆஃப், மெஷின் ஓடவே இல்லை, ஆனாலும் கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. டிஷ்வாஷரின் பிளக்கைப் பிடுங்கினால் விழுவதில்லை. பேய் இல்லை. மெஷினுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாயிண்டின் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்காததால், கீசரின் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு மெஷின் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடுகிறது.

‘எர்த்தைக் கழற்றிவிடுங்கள், விழாது’ என்பது காதில் விழும் அறிவுரை. விழாதுதான். கசியும் கரண்ட் அப்போது மெஷினின் ஸ்டீல் உடலில் நின்று, ஈரக் கையோடு தொடுபவருக்காகக் காத்திருக்கும். பழுதே இல்லாத மெஷினில்கூட எர்த் இல்லாவிட்டால் ஃபில்டர் கப்பாசிட்டர்களால் உடலில் 115 வோல்ட் போல நின்று சுர்ரென்று இழுக்கும்.

அறிகுறி 6: பத்து நிமிடம் ஓடி, சூடாக்கும் நேரத்தில் அணைந்து, மீண்டும் முதலிலிருந்து

மெஷின் சாகவில்லை, மயங்கி விழுகிறது. ஹீட்டர் 8.7 ஆம்ப் இழுக்கும் நொடியில் எங்கோ தளர்ந்த இணைப்பில் வோல்டேஜ் விழுந்து, போர்டின் பிராசஸர் ரீசெட் ஆகிறது. பக்கத்துப் பாயிண்டில், ஒரே லைனில், மீட்டரை மாட்டி வைத்துக் காத்திருங்கள். 228 என்று நின்ற எண் ஹீட்டர் சேரும் ‘கிளிக்’கோடு 170க்குச் சரிந்தால் குற்றம் வீட்டு வயரிங்கில். 220க்கு மேலே நின்றும் மெஷின் அணைந்தால் குற்றம் மெஷினுக்குள்: டெர்மினல் திருகு, ஃபில்டர், அல்லது போர்டில் ஹீட்டர் ரிலேயின் காலடி. போர்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியில் ரிலேக் கால்களைப் பாருங்கள். சால்டரைச் சுற்றி மயிரிழை வட்டமாக விரிசல், போர்டில் பழுப்பு வளையம் இருந்தால் அது டிரை சோல்டர். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். தடம் கருகியிருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தடத்தின் மேலேயே ஓட்டிச் சேருங்கள்.

பவர்கட்டில் இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். வீட்டு 900 வி.ஏ. இன்வெர்ட்டர் 2000 வாட் ஹீட்டரைச் சுமக்காது.

மூடுவதற்கு முன்

ஒயர்கள் கீல் வழியிலும் தகட்டு விளிம்பிலும் நசுங்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு எர்த் ஒயரும் பழைய திருகுக்கே போக வேண்டும். மிச்சம் ஒரு எர்த் ஒயர் கையில் நின்றால் மெஷினை மூடாதீர்கள். பிளக்கின் எர்த் காலிலிருந்து தொட்டி, கதவுத் தகடு, ஹீட்டர் உறை மூன்றுக்கும் 1 ஓமுக்குள் வருகிறதா என்று மறுபடி அளங்கள். முதல் சப்ளை சீரிஸ் பல்பு வழியாக: திரை எரிந்து, பல்பு அணைந்தே இருந்தால் நேரடிப் பாயிண்டுக்கு மாறலாம். பாத்திரம் இல்லாமல், மாத்திரை இல்லாமல் சூடான புரோகிராம் ஒன்றை முழுக்க ஓட்டி, அரை மணி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிக் கால்களைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பாயிண்டையும் இன்றே மாற்ற வேண்டும்.